இரண்டு வக்கீல்கள்: செலாங்கூர் வெள்ளீயத்தின் வரலாறு

நம் ஊர்களில் நிக்காஹ் விருந்துக்கு அடுப்பேற்றுமுன் செம்புத் தேக்சாக்களுக்குக் கலாய் பூசி எடுப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெள்ளீயத் துண்டை உரசிப் பஞ்சால் துடைத்துவிட்டால் உட்புறம் வெள்ளி போல் பளபளக்கும். கலாய் என்னும் இச்சொல் உருது வழியாக நம்மிடம் வந்தது. அதற்கு மூலம் ‘கலஈ’ என்னும் அரபுச் சொல். அரபுப் புவியியல் ஆசிரியர்கள் வெள்ளீயத்தை அப்பெயரால்தான் குறித்தனர். ‘கலஹ்’ என்னும் துறையிலிருந்து வந்த ஈயம் என்பது அதன் பொருள் என்பர். அத்துறை மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்தது. கெடாவே, அதாவது நம் இலக்கியங்கள் கூறும் கடாரமே அது என்று கருதுவோரும் உளர். நம் சமையற்கட்டுப் பாத்திரத்துக்கும் அந்தக் கடற்கரைக்கும் இடையிலான உறவு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

அந்தக் கரையின் வெள்ளீயத்தை நாடிச் சென்ற ஓர் ஆங்கிலேய வழக்கறிஞரின் வாழ்க்கையையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். அவர் பெயர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன். சிங்கப்பூரில் சட்டத் தொழில் நடத்தி, மலாய் இளவரசர் ஒருவருக்குக் கடன் கொடுத்து, அதன் தொடர்ச்சியாகச் சுரங்கக் கம்பெனி அமைக்க முற்பட்டு, ஈற்றில் அதே நாட்டின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக அமர்ந்தவர் அவர். மலாயா பிரிட்டிஷாரின் கைக்குப் போன வரலாறு நம்மவர் நூல்களில் பெரும்பாலும் பங்கோர் உடன்படிக்கையிலிருந்து தொடங்கும். அதற்கு முந்திய ஆண்டில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தமும் ஒரு கடிதமும் அதே அளவுக்கு ஆராயத்தக்கவை என்பது நமது எண்ணம்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் 1867 ஏப்ரல் வரை கல்கத்தாவிலிருந்துதான் ஆளப்பட்டன. அந்த இந்திய ஆட்சிக் காலத்திலேயே, 1861இல், ராபர்ட் கார் உட்ஸ் என்பாருடன் கூட்டாகச் சேர்ந்து ‘உட்ஸ் அண்ட் டேவிட்சன்’ என்னும் வழக்கறிஞர் நிறுவனத்தை டேவிட்சன் நடத்தத் தொடங்கினார். துறைமுக நகரத்து வழக்கறிஞரின் மேசைக்கு வருபவை கப்பல், சரக்கு, கூட்டு வணிகம், கடன்பத்திரம் ஆகியவையே. மலாய் இளவரசர்கள் கடன் தேடி அந்நகருக்கு வருவர். சீன வணிகரும் ஐரோப்பிய வணிகரும் பணம் தருவர். ஈடாக எழுதப்படுவது ஆற்றின் வரி வருமானம். அன்றைய மலாய் அரசுகளில் ஆறே சாலை. ஆற்றின் முகத்துவாரத்தைப் பிடித்திருப்பவரே உள்நாட்டிலிருந்து இறங்கிவரும் ஈயத்துக்கு வரி கொள்பவர். ஆகவே கடன் கொடுத்தவரின் பணம் எப்போதும் ஓர் ஆற்றுவாயை நம்பியே நின்றது. அந்த ஆற்றுவாய்க்காகப் போர் மூண்டால் கடன் கொடுத்தவரும் அப்போரில் ஒரு கட்சியாகிவிடுவார்.

செலாங்கூரில் நடந்தது இதுவே. கிள்ளான் ஆற்றை ஆண்ட ராஜா அப்துல்லாஹ்வும் அவர் சகோதரர் லூக்கூட் ராஜா ஜும்ஆத்தும் 1857இல் மலாக்கா சீன வணிகரிடம் 30,000 டாலர் முதல் பெற்று, 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினர். காட்டுக் காய்ச்சலில் முதல் மாதத்திலேயே 69 பேர் மாண்டனர்; எஞ்சியவர் 18 பேர். மீண்டும் ஆட்களை அனுப்பி அம்பாங்கில் ஈயம் எடுத்தனர். அச்சுரங்கத்துக்குச் சரக்கு இறக்கிய இடமே பின்னாளில் கோலாலம்பூர். இன்று அங்கு வானளாவிய கோபுரங்களைக் கண்டு வியந்து திரும்பும் நம் பயணிகளுக்கு அந்த 69 பேரின் நினைவு வருவதற்கில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தகர டப்பாக்களில் உணவை அடைத்து விற்கும் தொழில் பெருகப் பெருக, வெள்ளீயத்தின் தேவையும் ஏறியது. கிள்ளான் ஆற்றின் மதிப்பும் ஏறியது. 1867இல் ராஜா மஹ்தி என்னும் இளவரசர் கிள்ளானைத் தாக்கிக் கைப்பற்றினார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீடித்த செலாங்கூர் உள்நாட்டுப் போர் அவ்வாறு தொடங்கிற்று.

சுல்தான் அப்துஸ் ஸமத் இப்போரில் நேரடியாக இறங்கவில்லை. லங்காட் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, தம் மகளை மணந்த கெடா இளவரசர் துங்கு ளியாவுத்தீனிடம் 1868இல் ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். மக்கள் வழக்கில் துங்கு கூடின் என்று பெயர் பெற்ற இவர் கெடா சுல்தானின் சகோதரர். சுல்தானின் ‘வகீல்’ என்னும் தகுதி அப்பத்திரத்தால் அவருக்குக் கிடைத்தது.

இங்குச் சற்று நிற்க வேண்டும். ‘வக்கீல்’ என்று நாம் நீதிமன்றத்தில் வாதாடுபவரை அழைக்கிறோம். அரபியில் ‘வகீல்’ என்றால் பிறருடைய காரியத்தை அவர் அனுமதியின் பேரில் ஏற்று நடத்துபவர். இரண்டும் ஒரே சொல்தான். செலாங்கூரின் கதையில் இரண்டு வக்கீல்கள் எதிரெதிரே அமர்ந்து கையெழுத்திட்டதைக் காண்கிறோம்: ஒருவர் சுல்தானின் வகீல், மற்றவர் சிங்கப்பூர் வக்கீல்.

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் வகாலத் பற்றிய பாடத்தை ஓதிக் கொடுக்கும்போது மாணவர்களிடம் நாம் வலியுறுத்தும் சட்டம் ஒன்றுண்டு. சிறிதும் பெரிதுமான எல்லாக் காரியங்களுக்கும் ஒருவரை வகீலாக்குகிறேன் என்று பொதுப்படக் கூறினால் அந்த வகாலத் செல்லாது. எதற்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். அவ்வளவு விரிந்த சொல்லில் மறைந்திருக்கும் அபாயமே காரணம். ஆட்சிப் பொறுப்பு தனிமனித வகாலத்தைப் போன்றதன்று, அதற்கு இமாம் மாவர்தி அவர்கள் பேசும் ‘விஸாரத்துத் தஃப்வீழ்’ என்னும் முழுப் பொறுப்பு அமைச்சர் பதவியே பொருந்தும் என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பை நாமும் ஏற்கிறோம். ஆயினும், எந்த அளவுக்கு அதிகாரம் என்ற கேள்வி அப்பதவிக்கும் உண்டு. மலாய் மக்களும் ஷாஃபிஈ மத்ஹபினரே. அவர்கள் மொழியும் அன்று அரபு எழுத்தில்தான் எழுதப்பட்டது.

1868ஆம் ஆண்டின் பத்திரம் அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தரவில்லை. நாட்டைச் சீர்ப்படுத்திச் சுல்தானுக்கும் அவர் மக்களுக்கும் நன்மை செய்ய மருமகனுக்குப் பொறுப்புத் தரப்பட்டது என்று ஒரு சாரார் கூறினர். சுல்தானின் புதல்வர்களும் ராஜா மஹ்தியின் கட்சியினரும் அதை ஏற்கவில்லை; வெளிநாட்டு இளவரசருக்கு லங்காட்டின் வருமானமே விடப்பட்டது, நாடு விடப்படவில்லை என்றனர். 1871 ஜூலையில் சிங்கப்பூர் அரசாங்கத்தின் செயலாளர் பிர்ச் ‘டீசர்’ என்னும் போர்க்கப்பலுடன் லங்காட்டுக்கு வந்தார். அதே மாதத்தில்தான் கடற்கொள்ளை வழக்கொன்றை முன்னிட்டுக் கோலா செலாங்கூர்க் கோட்டை பிரிட்டிஷ் பீரங்கிகளால் தகர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சூழலில் துங்கு கூடினின் அதிகாரத்தை உறுதிசெய்யும் மற்றொரு பத்திரத்தைச் சுல்தான் கொடுத்தார். போர்க்கப்பல் ஆற்றில் நிற்கையில் கொடுக்கப்பட்ட ஒப்புதலைப் பற்றி ‘இக்ராஹ்’ என்னும் நிர்ப்பந்தத்தின் பாடத்தில் என்ன கூறப்படும் என்பதை வாசகர்களே அறிவர்.

துங்கு கூடினுக்கு அதிகாரம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அவருடைய படையில் இந்தியச் சிப்பாய்களும் கூலிக்கு அமர்த்திய ஐரோப்பிய அதிகாரிகளும் இருந்தனர். மாதச் சம்பளம் கேட்கும் படை அது. அப்பணத்தைச் சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் கடனாகவே அவர் திரட்டினார். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டேவிட்சன். பிறருக்காகக் கடன்பத்திரம் எழுதிவந்த வழக்கறிஞர் தாமே கடன்காரரானது இக்கட்டத்தில்தான். இளவரசருக்கு நண்பராகவும் ஆலோசகராகவும் அவர் விளங்கினார். 1872 ஆகஸ்டில் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றில் முற்றுகையிடப்பட்ட படையினர் தப்பியோட முயன்று பிடிபட்டு அழிந்தனர். வான் ஹாகன், கவலியேரி என்னும் ஐரோப்பிய அதிகாரிகளுடன் சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். அச்சிப்பாய்கள் எந்தச் சீமையினர், அவர் குடும்பங்கள் எங்கே காத்திருந்தன என்று எந்த வரலாற்று நூலும் கவலைப்பட்டதாக நாம் காணவில்லை.

மலாய் நாடுகளில் முதலிட்ட வணிகர்கள் அதே ஆண்டில் அரசாங்கத்திடம் பாதுகாப்புக் கேட்டனர். அந்நாடுகளில் வணிகம் செய்பவர்கள் தம் சொந்தப் பொறுப்பிலேயே செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு விடை கிடைத்தது. லண்டனின் கொள்கை அன்று அதுவே. மலாய் அரசுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை.

பகாங் நாட்டுப் படைகளின் உதவியால் 1873 மார்ச்சில் கோலாலம்பூர் மீட்கப்பட்டது. ஹிஜ்ரி 1290 தொடங்கிய வேளை அது. அதே மார்ச் மாதத்தில் துங்கு கூடின் டேவிட்சனின் தரப்புக்கு ஓர் உரிமையை வழங்கினார். செலாங்கூரில் அதுவரை எவரும் வேலை செய்யாத நிலங்களில் வெள்ளீயம் எடுக்கும் உரிமை அது. பட்ட கடனுக்கும் இனிப் படப்போகும் கடனுக்கும் இதைவிடப் பெரிய ஈடு அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. இந்த உரிமையை முதலாகக் காட்டி லண்டனில் பங்குகள் விற்றுச் சுரங்கக் கம்பெனி ஒன்றை நிறுவுவது டேவிட்சனும் அவர் கூட்டாளிகளும் வகுத்த திட்டம்.

சுரங்கத்தை ஆட்சியாளர் தனியொருவருக்குக் கொடுக்கலாமா என்பது நம் ஃபிக்ஹில் மிகப் பழைய பேச்சு. யமன் நாட்டின் மஃரிபைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, அங்குள்ள உப்பு வயலைத் தமக்கு வழங்குமாறு கேட்டார்கள். பெருமானார் அவர்களும் வழங்கினார்கள். அவர் திரும்பிச் சென்றதும் அவையிலிருந்த ஒருவர், வற்றாது ஊறும் நீரைப் போன்ற ஒன்றையல்லவா அவருக்கு வழங்கிவிட்டீர்கள் என்னும் கருத்தில் கூறினார். உடனே அது திரும்பப் பெறப்பட்டது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவான இச்செய்தியை அடிப்படையாகக் கொண்டே இமாம்கள் சுரங்கங்களை வெளிப்படையானவை, மறைவானவை என்று பிரித்தனர். உப்பு போல் யாரும் அள்ளிக்கொள்ளக் கூடியதை எவருக்கும் தனியுரிமையாக்கக் கூடாது. பொன், வெள்ளி, இரும்பு போல் தோண்டி உருக்கிப் பெற வேண்டியதைப் பற்றி ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகள் உள்ளன. கொடுக்கலாம் என்போரிடையேயும் அது சொந்தமாகுமா, வேலை செய்யும் காலத்துக்கு மட்டும் பயன் கொள்ளும் உரிமையா என்ற விவாதம் உண்டு. இவற்றை இமாம் மாவர்தி அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 450) ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் விரிவாக எழுதியுள்ளார்கள். உழைப்பவர் வந்து தோண்டும் குழியை மனத்திற்கொண்டே அவர்கள் பேசினார்கள். ஒரு நாட்டின் தோண்டப்படாத நிலம் அனைத்தும், அந்நாட்டைக் கண்ணால் காணாத லண்டன் பங்குதாரருக்கு விற்கும் சரக்காகும் என்பது அவர்களுடைய காலத்தில் எழாத கேள்வி. எழுந்திருந்தால் உப்பு வயலின் வழியில் விடை கூறியிருப்பார்கள் என்றே நாம் கருதுகிறோம். இதில் நம்முடன் மாறுபடும் ஆலிம்கள் இருக்கலாம்.

லண்டன் பணக்காரர்கள் தயங்கினர். போர் நடக்கும் நாட்டில், பிரிட்டிஷ் கொடி பறக்காத ஆற்றங்கரையில், ஒரு வகீலின் கையெழுத்தை நம்பி எவர் பங்கு வாங்குவார்? ஆகவே கம்பெனிக்கு வேண்டியிருந்தது மண்வெட்டியன்று, கொடி. சிங்கப்பூர் வணிகர் வில்லியம் ரீடின் மைத்துனரான சீமோர் கிளார்க் 1873 ஜூலையில் குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டன் பாதுகாப்பு அளிக்காவிட்டால் அச்சிறு நாடுகள் வேறொரு ஐரோப்பிய வல்லரசை நாடும், அனேகமாக ஜெர்மனியை நாடும் என்பது அதன் சாரம். ஜெர்மனி ஒன்றுபட்ட பேரரசாகி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்சை வீழ்த்திய அதன் பெயரே அன்று லண்டனில் கலக்கத்தை உண்டாக்கப் போதுமானது.

கடிதம் தன் வேலையைச் செய்தது. அமைச்சர் கிம்பர்லி பிரபு, தீபகற்பத்தின் எந்த நாட்டிலும் பிற ஐரோப்பிய வல்லரசு பாதுகாவலாக வர இடந்தர முடியாது என்று சில நாட்களிலேயே குறிப்பெழுதினார். செப்டம்பர் 20ஆம் நாள் புதிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்குக்கு அனுப்பிய கட்டளையில், மலாய் அரசுகளில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அமர்த்துவது தகுமா என்று ஆராயுமாறு பணித்தார். ஆளுநர் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோரில் பேராக்கின் உடன்படிக்கையை முடித்துவிட்டார். அடுத்து செலாங்கூர்.

இத்திருப்பத்துக்குக் காரணம் எது என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். பிற வல்லரசு நுழைந்துவிடும் என்ற அச்சமே முதன்மையானது என்பது கோவனின் முடிவு. மலேசிய ஆய்வாளர் கூ கே கிம், அதற்கு முந்திய இருபது ஆண்டுகளின் வணிகப் பெருக்கமும் அதில் சிக்கிய மலாய்ப் பிரமுகர்களின் அரசியலும்தான் நிலத்தைப் பதப்படுத்தின என்று காட்டினார். அச்சம் லண்டனில் இருந்தது மெய். அதை அந்த நேரத்தில் எழுப்பிவிட்டது ஒரு கம்பெனியின் தேவை என்பதும் மெய். இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை.

1875 ஜனவரியில் டேவிட்சன் செலாங்கூரின் முதல் ரெசிடென்டாகக் கிள்ளானில் பொறுப்பேற்றார். ஆளுநருக்கு இதில் தவறொன்றும் தோன்றவில்லை. துங்கு கூடினின் நம்பிக்கையைப் பெற்றவர், நாட்டை அறிந்தவர் என்பவையே தகுதிகளாயின. துங்கு கூடினுக்குக் கடன் கொடுத்தவர், சுரங்க உரிமை பெற்றவர் என்பது தடையாகவில்லை.

நாம் வாழும் பெருநகரிலிருந்து உத்திரமேரூர் வெகு தொலைவில் இல்லை. அங்கு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் வாரியங்களுக்கு எவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைவிட, எவரைத் தேர்ந்தெடுக்கலாகாது என்பதில்தான் அவை மிகுந்த கண்டிப்புக் காட்டுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை. ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரு கிராமத்துப் பதவிக்கு விதித்த விதி இது. அக்கல்வெட்டின் எதிரே நிற்கும்போதெல்லாம் நமக்குக் கிள்ளான் நினைவுக்கு வருகிறது. 950 ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு நாட்டின் கணக்கையே மேற்பார்க்கும் பதவிக்கு அந்நாட்டில் கடன் பாக்கியும் சுரங்கப் பங்கும் உடைய ஒருவர் அமர்த்தப்பட்டார்.

ஆயினும் டேவிட்சனைக் கொடியவராகச் சித்திரிப்பது நீதியாகாது. அவர் கொடுத்த கடன் மெய்யான கடன். துங்கு கூடின் தோற்றிருந்தால் அது முழுதும் மூழ்கியிருக்கும். ஏமாற்றிப் பத்திரம் எழுதி வாங்கியதாக அவர்மேல் குற்றமில்லை. பதவிக்கு வந்தபின் நாட்டைத் தம் கம்பெனியின் தோட்டமாக்கிக்கொள்ளவும் இல்லை. சொல்லப்போனால் செலாங்கூரின் ஈயத்தைத் தொடர்ந்து எடுத்தவர்கள் யாப் ஆ லோயும் பிற சீன முதலாளிகளும்தான். கொடி வந்தது, கொடியை அழைத்த கம்பெனிக்கு அதனால் பெரும்பயன் விளையவில்லை. ஒழுங்கான ஒரு மனிதர், ஒழுங்கான கடன்பத்திரங்களின் வழியே, ஒரு நாட்டின் சுதந்திரம் பறிபோக வாயில் திறந்துவிட முடியும் என்பதே இவ்வாழ்க்கையில் நம்மை உறுத்துவது. கொள்ளைக்காரனாக இருந்தால் செலாங்கூர்ப் பிரமுகர்கள் அடையாளம் கண்டிருப்பார்கள்.

1875 நவம்பரில் பேராக்கின் ரெசிடென்டாயிருந்த பிர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1871இல் போர்க்கப்பலுடன் லங்காட்டுக்கு வந்த அதே பிர்ச்தான். தொடர்ந்த தண்டனைப் போருக்குப்பின் 1876இல் டேவிட்சன் பேராக்குக்கு மாற்றப்பட்டார். அங்கு நெடுநாள் இருக்கவில்லை. மறு ஆண்டே பதவியைத் துறந்து சிங்கப்பூருக்குத் திரும்பித் தம் பழைய தொழிலில் அமர்ந்தார். 1877இல் பெர்னார்டு ரோடிக்குடன் சேர்ந்து ‘ரோடிக் அண்ட் டேவிட்சன்’ என்று நிறுவனத்துக்குப் பெயர் மாறிற்று. 1891இல் அவர் இறந்தார். சுரங்கக் கம்பெனி நிலைக்கவில்லை. வழக்கறிஞர் நிறுவனமோ நூறாண்டுக்கு மேல் அப்பெயரிலேயே நடந்து, 2016இல் பன்னாட்டு நிறுவனம் ஒன்றுடன் இணைந்தபின்னும் ரோடிக், டேவிட்சன் இருவரின் பெயர்களையும் தாங்கி இயங்குகிறது.

வக்கீலின் அலுவலகத்திலிருந்து உண்மையிலேயே சுரங்கத்துக்குச் சென்று பொருளீட்டியவர் வேறொருவர், அவர் தமிழர். சிங்கப்பூரில் 1850இல் பிறந்து, ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்று, டேவிட்சனின் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த கே. தம்புசாமிப் பிள்ளை, 1875இல் தம் முதலாளியுடனேயே கிள்ளானுக்கு வந்தார். டேவிட்சன் போய்விட்டார்; பிள்ளை தங்கிவிட்டார். கருவூலத்தில் தலைமை எழுத்தராகிப் பொருளாளர் பொறுப்பையும் சிலகாலம் வகித்தார். பின்னர் அரசுப் பணியை விட்டு ஒப்பந்தக்காரராகவும் தோட்ட முதலாளியாகவும் வளர்ந்தார். இருப்புப்பாதை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளரை வருவித்தவர்களில் அவரும் ஒருவர். பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்தவரென்று அவரை இன்று பலரும் அறிவர். ராவாங்கில் லோக் இயூ என்னும் சீன முதலாளியுடன் கூட்டாக அவர் நடத்திய ஈயச் சுரங்கத்தை அறிந்தவர் குறைவு. குழியில் ஊறும் நீரே அக்காலச் சுரங்கங்களுக்குப் பெரும் பகை. அதை இறைக்க அவர்கள் மின்சார இயந்திரத்தை அமைத்தனர். 1894இல் ராவாங் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது. மலாய் நாடுகளில் அவ்வூர்தான் முதலில் அதைக் கண்டது.

அந்த விளக்கு எரிந்தபோது சுல்தான் அப்துஸ் ஸமத் உயிருடன் இருந்தார். துங்கு கூடின் 1878இலேயே செலாங்கூரை விட்டுப் போய்விட்டார். வகீலுக்கு அங்கு இனி வேலையில்லை. தலைநகர் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் இருப்புப்பாதை வந்தது. உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியைத் தரும் நிலைக்கு மலாய் நாடுகள் உயர்ந்துகொண்டிருந்தன. 1896இல் செலாங்கூர் மற்ற மூன்று நாடுகளுடன் ஒரே கூட்டாட்சிக்குள் சேர்க்கப்பட்டது. சுல்தான் லங்காட் ஆற்றங்கரை ஜுக்ராவிலேயே, அரசாங்கம் தந்த உதவித்தொகையில் வாழ்ந்து, 1898இல் மறைந்தார்.